தலை அசைந்த கணக்கு

பெரியம்மாவின் மூளைப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது முதலில் கண்ணில் பட்டது மூளை அல்ல. மண்டையோட்டின் விளிம்பு அதற்குரிய இடத்தில் ஒருமுறை இருந்தது. பிறகு அதே விளிம்பு மங்கி மங்கி, தலைக்கு வெளியே ஒன்றுமே இருக்கக்கூடாத கருமையில், மூன்று நான்கு முறை திரும்ப வந்திருந்தது. பீலித் தண்ணீர் விழும் தொட்டியில் வளையம் பரவுமே, அப்படி. மூளைக்குள்ளும் அதே வளையங்கள் குறுக்கே ஓடின. கூட வந்த அறிக்கையில் இரண்டே வரி: நோயாளி அசைந்ததால் படம் தெளிவில்லை, மீண்டும் எடுக்கவும்.

பெரியம்மா நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் காலை நிரையில் நின்றபடியே வலிப்பு வந்து சரிந்துவிட்டார். தோட்டத்து டிஸ்பென்சரி, பசறை, பதுளை என்று படிப்படியாகப் போய், கடைசியில் தூரத்து நகரமொன்றில் எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் குறித்துக் கொடுத்தார்கள். இரவு பஸ்ஸில் மலையிறங்கிப் போய்வந்தோம். அவருக்கும் துணைக்கு வந்த மகளுக்கும் இரண்டிரண்டு நாள் பேர், அதாவது நாட்கூலி, போயிற்று. "நான் ஆடவே இல்லையே தம்பி," என்று வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பள்ளியில் பௌதிகவியல் படிப்பிப்பவன். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். படமும் பொய் சொல்லவில்லை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நகர்வை யாரும் அசைவென்று எண்ணுவதில்லை. எச்சில் விழுங்கினாலும் தலை கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஆனால் ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லாத அந்த நகர்வு எப்படி முழுப் படத்தையும் கெடுக்கிறது? கலியாண வீட்டில் எடுத்த போட்டோவில் ஒரு பிள்ளை ஆடினால் அந்தப் பிள்ளையின் முகம் மட்டும்தான் மங்கும், பக்கத்தில் நிற்பவர்கள் பளிச்சென்று இருப்பார்கள். இங்கே அசைந்தது ஒரு கணம், கெட்டது எல்லாம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் கமராவைப்போலப் படம் எடுப்பதே இல்லை என்பதுதான் காரணம்.

நம் உடம்பில் பெரும்பங்கு நீர். நீரில் இருக்கும் ஐதரசன் அணுவின் கரு, அதாவது ஒரு புரோத்தன், சின்னஞ்சிறு காந்தம்போல நடந்துகொள்ளும். பெரும்பாலான வைத்தியசாலைகளில் இருப்பது 1.5 தெஸ்லா இயந்திரம். திசைகாட்டி ஊசியைத் திருப்பும் பூமிக் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவான புலம் அது. அதற்குள் தலையை வைத்தால், புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை பம்பரம்போலத் தலைசுற்றும். அதே மீடிறனில் வானொலி அலையொன்றைச் சற்று நேரம் அனுப்பி நிறுத்தினால், அவை அதே மீடிறனில் பதில் கொடுக்கும். எக்ஸ்கதிர் கிடையாது. பண்பலை நிலையங்களுக்குச் சற்றுக் கீழே, 64 மெகாஹேட்ஸ் அருகே கேட்கும் மெல்லிய எதிரொலி மட்டுமே.

சிக்கல் என்னவென்றால், அந்த எதிரொலி தலை முழுவதிலிருந்தும் ஒன்றாகக் கலந்து வருகிறது. எந்த ஒலி எந்த இடத்தினுடையது என்று பிரிக்க வேண்டும். காந்தப்புலத்தை ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் சாய்த்தால் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 1973இல் போல் லோற்றர்பர் காட்டினார். அந்தச் சாய்வைக் கணிதத்தோடு இணைத்து வேகமான படமாக்கியவர் பீற்றர் மான்ஸ்பீல்ட். இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. புலத்தைச் சாய்க்கும் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது அவை காந்தத்துக்குள் உதறிக்கொள்கின்றன. உள்ளே படுத்தவர்களுக்குக் காதோரம் தப்படிப்பதுபோலக் கேட்பது அந்த உதறல்தான்.

சாய்த்த புலம் தலைக்குள் என்ன செய்கிறது என்று வகுப்பில் சொல்லவேண்டி வந்தால், நான் பிள்ளைகளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்வேன். மலைச்சரிவெங்கும் தேயிலை நிரை நிரையாக ஓடுகிறது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எம்.ஆர்.ஐ. இயந்திரமும் தலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத நிரைகளை விரிக்கிறது. முதலில் அகன்ற நிரைகள், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே பத்துச் சென்றிமீற்றர். பிறகு ஐந்து சென்றிமீற்றர். அப்படியே நெருங்கி நெருங்கி நான்கு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் வரை. ஒவ்வொரு முறையும் அது கேட்பது ஒரே கேள்விதான்: இந்த நிரைகளோடு இந்தத் தலை எவ்வளவு ஒத்துப்போகிறது, மேடு எந்த இடத்தில் விழுகிறது? எவ்வளவு, எங்கே என்று இரண்டு எண்கள் விடையாக வரும். அவ்வளவுதான் அளவெடுப்பு.

எந்த உருவத்தையும் இப்படிப்பட்ட மேடுபள்ளங்களின் கூட்டாக எழுதிவிடலாம் என்ற எண்ணத்தை, வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் எழுதிய நூலில் ஜோசப் ஃபூரியே முன்வைத்தார். அகன்ற நிரைகள் தலையின் பொதுவான வெளிச்சத்தையும் இருட்டையும் சொல்கின்றன. நெருங்கிய நிரைகள் விளிம்புகளையும் நுணுக்கங்களையும் சொல்கின்றன. எல்லா விடைகளும் சேகரித்து வைக்கப்படும் அட்டவணைக்குத் துறைக்காரர்கள் கே-ஸ்பேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மூக்குக்கென்று ஒரு கட்டம், காதுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் தலை முழுவதும் இருக்கிறது. ஆகவே ஒரு கட்டம் பிழைத்தால் அந்தப் பிழையும் தலை முழுவதும் பரவுகிறது.

இப்போது பெரியம்மாவின் தலை இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சென்றிமீற்றர் நிரைக்கு அது பொருட்டே இல்லை. மேடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு மில்லிமீற்றர் நிரைக்கோ அதுதான் சரிபாதி. மேடு இருந்த இடத்தில் பள்ளம் வந்துவிடும், கூட்ட வேண்டியது கழிபடும். அசைவதற்கு முன் எடுத்த விடைகள் ஒரு தலையைச் சொல்கின்றன, பின் எடுத்தவை சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு தலையைச் சொல்கின்றன. கணினிக்கு இது தெரியாது. இரண்டையும் ஒரே தலையென்று நம்பிக் கூட்டிவிடுகிறது. ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டிய அலைகள் அழியாமல் தங்குவதால் அந்த வளையங்கள் வருகின்றன.

வளையங்கள் ஒரு திசையில் மட்டும் வரிசை கட்டி நிற்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. ஒரு திசையின் நிரைகளை இயந்திரம் சில ஆயிரத்திலொரு செக்கன்களுக்குள் கேட்டு முடித்துவிடும். அவ்வளவு நேரத்தில் எந்தத் தலையும் அசையாது. மற்றத் திசையில் ஒரு நிரையைக் கேட்டபின் புரோத்தன்கள் ஓய்ந்து நிமிரும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்ததைக் கேட்கும். இப்படி 256 முறை என்றால் ஒரு தொடருக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். இப்படிப் பல தொடர்கள் சேர்ந்ததுதான் ஒரு முழு மூளை ஸ்கேன். இருமல், கொட்டாவி, கண்ணயர்ந்து தலை சரிவது எல்லாம் நடப்பது இந்தக் காத்திருப்பு இடைவெளிகளில்தான்.

அசைவைத் திருத்துவது என்றால், ஒவ்வொரு விடையும் எடுக்கப்பட்ட நேரத்தில் தலை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது. மண்டையோடு வளையாது என்பதால் ஆறே எண்கள் போதும்: இடம் வலம், மேல் கீழ், முன் பின் என்று மூன்று நகர்வுகள், ஆமாம் என்று ஆட்டுவது, இல்லை என்று ஆட்டுவது, தோளில் சாய்ப்பது என்று மூன்று திருப்பங்கள். நகர்வு மட்டும் நடந்திருந்தால் கணக்கு சுலபம். மேடு எவ்வளவு தள்ளிப்போயிற்று என்று தெரிந்தால் அதே அளவு பின்னே இழுத்துக்கொள்ளலாம். திருப்பம்தான் தொல்லை. தலை ஐந்து பாகை திரும்பிவிட்டால், தலைக்கு நேராக ஓட வேண்டிய நிரைகள் சாய்வாக ஓடிவிடுகின்றன. சில சாய்வுகளை இரண்டு முறை கேட்டிருப்போம், சிலவற்றைக் கேட்டிருக்கவே மாட்டோம். கேட்காத கேள்விக்கான விடையை எந்தக் கணிதமும் முழுதாக மீட்டுத் தராது.

அசைவுத் திருத்தத்தை முதலில் கையாண்டவர்களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஈமனும் ஜோயல் ஃபெல்ம்லீயும் முக்கியமானவர்கள். படத்துக்கான அளவுகளுக்கு இடையிடையே, அசையும் பகுதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கும் சிறிய அளவொன்றைச் செருகலாம் என்று 1989இல் அவர்கள் காட்டினார்கள். நடுக்கடலில் போகும் கப்பல் அவ்வப்போது தன் இடத்தைக் குறித்துக்கொள்வதுபோன்ற வேலை என்பதால் அதற்கு நவிகேற்றர் என்று பெயர்.

பத்தாண்டு கழித்து, 1999இல், ஜேம்ஸ் பைப் கொண்டுவந்த ப்ரொபெல்லர் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாக கே-ஸ்பேஸ் அட்டவணையை மேலிருந்து கீழாக வரி வரியாக நிரப்புவார்கள். பைப் அதை விமான விசிறியின் தகடுகள்போல நிரப்பினார். ஒரு தகட்டளவு வரிகளை எடுத்து, பிறகு தகட்டைச் சற்றே திருப்பி அடுத்தது, பிறகு அடுத்தது. எல்லாத் தகடுகளும் நடுமையத்தைக் கடந்து செல்கின்றன. நடுமையத்தில் இருப்பவை அகன்ற நிரைகள், அதாவது தலையின் மங்கலான முழு உருவம். எனவே ஒவ்வொரு தகட்டிலும் தலையின் சிறிய மங்கல் படமொன்று இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தலை எப்போது எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும். திரும்பிய தகட்டைத் திருப்பி வைக்கலாம். மோசமாகக் கெட்டதைத் தள்ளிவிடலாம். மையத்தையே மீண்டும் மீண்டும் அளப்பதால் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். இன்று பெரிய கம்பனிகளின் இயந்திரங்களில் ப்ரொபெல்லர், பிளேட், மல்டிவேன் என்ற பெயர்களில் இருப்பது இதுதான். ஆனால் பாண் துண்டுபோல ஒவ்வொரு வெட்டாக எடுக்கும் படங்களில், ஆமாம் என்று தலையாட்டினால் மூளையின் வேறொரு பகுதியே அந்த வெட்டுக்குள் வந்துவிடும். அதை இம்முறையால் திருத்த முடியாது.

அதற்கு வேறு வழி வேண்டும். எடுத்து முடித்த பிறகு திருத்துவதற்குப் பதில், தலை அசைய அசைய இயந்திரமே நிரைகளைத் திருப்பிக்கொண்டு பின்தொடர்வது. நிரைகள் காந்தச் சாய்வால் ஆனவை. தலையைத் திருப்புவது கடினம், சாய்வைத் திருப்புவது மின்னோட்டத்தை மாற்றும் வேலைதான். மூளையின் செயற்பாட்டைப் பார்க்கும் வேகமான படங்களில் இதை 2000ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் தேசனும் குழுவினரும் செய்தார்கள். 2012இல் டிலன் டிஸ்டலும் ஆந்த்ரே வான் டெர் கோவேயும் மற்றவர்களும் வெளியிட்ட முறை இன்னும் சிக்கனமானது. நுணுக்கமான முப்பரிமாணப் படமொன்றில் இரண்டரை செக்கன் சுற்று ஒவ்வொன்றிலும் இயந்திரம் சும்மா காத்திருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கால் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் எட்டு மில்லிமீற்றர் கட்டங்களால் தலை முழுவதையும் ஒருமுறை மங்கலாகப் படமெடுத்து, முந்தியதோடு ஒப்பிட்டு, அடுத்த சுற்றைத் தலை இருக்கும் இடத்துக்கே நகர்த்திவிடுவார்கள். மிக மோசமாக அசைந்த சுற்றுகளை முடிவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 11,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பல வருடங்களாகத் தொடரும் ஏபிசிடி ஆய்வு, இப்படிப்பட்ட பின்தொடரும் முறைகளை நம்பித்தான் நடக்கிறது.

கமராவை உள்ளே வைத்து நெற்றியில் ஒட்டிய அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் முறைகளும் உண்டு. துல்லியம் மிக அதிகம். ஆனால் முகத்தைச் சுளித்தால் நெற்றித்தோல் நகரும், மண்டையோடு நகராது. இயந்திரம் இல்லாத அசைவைத் துரத்தும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அசைவு படத்தை மட்டுமல்ல, அறிவையே கெடுக்கும் என்று தெரிந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். 2012இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே எச்சரிக்கையை வெளியிட்டன. மூளையின் தூரத்துப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு பிள்ளைகளில் குறைவு, பெரியவர்களில் கூடுதல் என்று அதுவரை எழுதப்பட்டவற்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் அதிகம் அசைவதால் வந்த பொய்த்தோற்றம். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அசைவே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2015இல் மார்ட்டின் ராய்ட்டரும் குழுவினரும், தலை அசைந்தால் மூளையின் சாம்பல் பகுதி உண்மையில் இருப்பதைவிட மெலிந்ததாக அளவில் வரும் என்று காட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. நடுக்குவாதம் வந்தவர், ஞாபகம் தப்பிய கிழவி, வலிப்புக்காரர், துருதுருவென்று இருக்கும் பிள்ளை. மூளையைப் பார்க்க வேண்டிய தேவை கூடியவர்கள் இவர்கள்தான், படுத்த இடத்தில் அசையாமல் இருக்க முடியாதவர்களும் இவர்களே. அசைவை நோயென்று படித்துவிட்டால் அந்தப் பிழை போய்ச் சேர்வது இவர்களிடம்.

பண நஷ்டமும் சின்னதல்ல. அமெரிக்க வைத்தியசாலையொன்றில் ஒரு வாரத்து எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஏதாவதொரு தொடரைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அசைவால் ஒரு இயந்திரத்துக்கு வருடத்துக்குச் சுமார் 1,15,000 டொலர் வருமானம் போகிறது என்று கணக்கிட்டார்கள். அது வைத்தியசாலையின் கணக்கு. போய்வந்த பஸ் காசும் இழந்த பேரும் அதில் சேராது.

அண்மைக் காலமாக, அசைந்த படங்களையும் அசையாத படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கிய செயற்கை அறிவு, வளையங்களைத் துடைத்துச் சுத்தமான படம் தருகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகான படமும் உண்மையான படமும் ஒன்றல்ல. வலிப்பின் காரணம் சில வேளை அரிசியளவு தழும்பாக இருக்கும். அதை வளையத்தோடு சேர்த்துத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தலை எங்கே இருந்தது என்பதை மதிப்பிட மட்டும் செயற்கை அறிவைப் பயன்படுத்தி, படத்தை உண்மையில் அளந்த எண்களிலிருந்தே கட்டும் வழிகளைத்தான் நான் நம்புவேன்.

இவ்வளவையும் படித்த பிறகுதான் பெரியம்மாவிடம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டேன். உள்ளே என்ன நடந்தது?

"சத்தம் நிக்கும் தம்பி. நின்னதும் காதுக்குள்ள ஒருத்தர் சிங்களத்துல ஏதோ சொல்லுவாரு. கடையில பேசுற சிங்களம் எனக்குத் தெரியும். இது வெளங்கல. என்னன்னு தலையத் தூக்கிக் கேப்பேன். அதுக்குள்ள மறுபடி தப்படிக்க ஆரம்பிச்சிரும். பயந்துபோய்ப் படக்குன்னு தலைய வச்சிருவேன்."

அசையாதீர்கள் என்று சொன்ன குரல்தான் அவரை அசைத்திருக்கிறது. ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் அந்தத் தலை காற்றிலிருந்து பஞ்சணைக்கு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நவிகேற்றரோ விசிறித்தகடோ இதைப் பாதிதான் காப்பாற்றியிருக்கும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. அந்தச் சட்டவரி காந்தச் சுரங்கத்துக்குள் படுத்திருப்பவரின் காதுக்கு எட்டுவது படத்தின் தெளிவையே தீர்மானிக்கும் பௌதிகக் காரணி என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

இரண்டாம் முறை வேறொரு வைத்தியசாலையில் நாள் கிடைத்தது. போவதற்கு முன் வீட்டில் பாயில் படுக்கவைத்து, போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். சத்தம் நிற்கும், திரும்ப வரும், ஏழெட்டு முறை வரும், குரல் வந்தால் பதில் சொல்ல வேண்டாம், பயம் வந்தால் கையிலிருக்கும் பந்தை அமுக்கினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கே இருந்த ரேடியோகிராபர் ஒரு சிங்கள இளைஞர். அவருடைய மேசைக் கண்ணாடியின் கீழே ஒரு தாள் இருந்தது. அதில் சிங்கள எழுத்தில் தமிழ் வசனங்கள்: அம்மா, இப்ப நாலு நிமிஷம். ஆட வேணாம். எச்சில் முழுங்கலாம். முடிஞ்சதும் சொல்லுவேன். யாரோ நர்ஸ் எழுதிக் கொடுத்ததாம்.

மூக்குத்தியைக் கழற்றி வாங்கிய பிறகு, தலையை அணைகளால் இறுக்கி, நெற்றிக்குக் குறுக்கே ஒரு மருந்துப் பட்டியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒட்டினார். தலையைக் கட்டிப்போடும் பலம் அந்தப் பட்டிக்கு இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியான் க்ரௌஸவும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. அவர்கள் செய்ததும் இவ்வளவுதான். தலை சிறிது திரும்பினாலும் நெற்றித்தோல் இழுபடுவதை ஆள் உணர்கிறார், உணர்ந்ததும் தானே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார். பட்டி ஒட்டியபோது அசைவு தெளிவாகக் குறைந்தது. கமராவும் கணினியும் செய்யப் பார்ப்பதைத் தோல் தானாகவே செய்கிறது.

வெளியே வந்த பெரியம்மாவுக்கு அந்த ஆய்வு எதுவும் தெரியாது. "நெத்தியில ஒட்டினது கூடைக்கயிறு மாதிரியே இருந்திச்சு," என்றார். பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைத் தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கவிட்டுச் சரிவில் இறங்குகிறவர்களுக்கு, கயிறு ஒரு விரல் விலகினால் எப்படி இருக்கும் என்று தெரியும். "கயிறு நகராமப் பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

ஐந்தாவது தொடரில் இருமல் வந்துவிட்டதாம். அந்த இளைஞர் அதை மட்டும், நான்கு நிமிடம், திரும்ப எடுத்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்து அனுப்பிவைத்தார். படத்தில் மண்டையோட்டுக்கு வெளியே கருமை மட்டும் இருந்தது. இரவு பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்ததால், ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன்.